நாடாச்செடி: இலையில்லாத தட்டைத் தண்டுச் செடியை வாங்குவது முதல் கவாத்து வரை

தாவரவியல் படித்தவர்கள் இந்தச் செடியைப் பார்க்காமல் தேறியிருக்க முடியாது. பதினோராம் வகுப்பில் 'இலைத்தொழில் தண்டு' என்ற பாடம் வரும். சப்பாத்திக்கள்ளி, சவுக்கு, திருகுகள்ளி எல்லாம் சொல்லிவிட்டு, கூடவே 'மூலன்பெக்கியா' என்று ஒரு பெயரும் வரும். தாவரவியல் துறை இருக்கும் கல்லூரிகளில் செய்முறைத் தேர்வுக்காகவே ஒரு புதரை வளர்த்து வைத்திருப்பார்கள். அந்தப் புதர்தான் இன்று நர்சரிகளில் 'ரிப்பன் புஷ்', 'சென்டிபீட் பிளான்ட்' என்ற பெயர்களில் விற்பனைக்கு வருகிறது. தமிழில் நிலைத்த பெயர் எதுவும் இல்லாததால் இங்கே நாடாச்செடி என்றே சொல்கிறேன்.

சொந்த ஊர் சாலமன் தீவுகளும் நியூகினியும். அங்கிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் தாவரவியல் தோட்டங்கள் வழியாக உலகம் சுற்ற ஆரம்பித்தது. பெயரில்தான் கொஞ்சம் குழப்பம். 1865-இல் மூலன்பெக்கியா பிளாட்டிகிளாடா என்று வைத்தார்கள். 1929-இல் அமெரிக்கத் தோட்டக்கலை அறிஞர் எல். எச். பெய்லி, 'இது தனிப் பேரினம்' என்று ஹோமலோகிளாடியம் பிளாட்டிகிளாடம் ஆக்கினார். மரபணு ஒப்பீடுகள் வந்த பிறகு மறுபடியும் மூலன்பெக்கியாவுக்கே திரும்பிவிட்டது. கடைச்சீட்டில் இரண்டில் எது இருந்தாலும் செடி ஒன்றுதான்.

வளர்ப்பு முறைக்குப் போகும் முன் ஒரு விஷயத்தை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். இந்தச் செடி செத்துப்போகும் வீடுகளில் பெரும்பாலும் காரணம் ஒன்றே: இலை இல்லை, தண்டு தட்டையாக இருக்கிறது, ஆகவே கள்ளி வகை என்று முடிவு கட்டி, வாரம் ஒருமுறை தண்ணீர் காட்டுகிறார்கள். இது கள்ளியே இல்லை. சுக்கான்கீரையின் குடும்பம். கொடிரோஸும் (ரோஜா அல்ல, ஆன்டிகோனன் என்ற கொடி) இதற்கு உறவுதான். சாலமன் தீவுகளில் பெரும்பாலான இடங்களில் ஆண்டு மழை 3,000 மில்லிமீட்டரைத் தாண்டும். சென்னைக்குக் கிடைப்பது ஏறக்குறைய 1,400. அவ்வளவு மழையில் பிறந்த செடிக்குத் தண்ணீரைச் சேமித்து வைக்கும் சதைப்பற்று எதற்கு? நாடாவை இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள், மெல்லியதாக இருக்கும். சப்பாத்திக்கள்ளி மடலைப் போல உள்ளே தண்ணீர்த் தொட்டி கிடையாது. பார்வைக்குக் கள்ளி, குணத்தில் கீரை. கீழே வரும் எல்லாமே இதிலிருந்துதான்.

செடியை அடையாளம் காண்பது

ஒரு நாடாவை ஒடித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். அகலம் ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர். நெடுக நூல் நூலாக மெல்லிய கோடுகள் ஓடும். ஓரிரு சென்டிமீட்டருக்கு ஒரு கணு, கணுவில் குறுக்கே ஒரு கோடு, ஓரத்தில் லேசான இடுக்கு. அந்தக் கணுவை உற்றுப் பார்த்தால் பழுப்பாக, காகிதம் மாதிரி ஒரு மெல்லிய உறை ஒட்டிக்கொண்டிருக்கும். சுக்கான்கீரையின் கணுவிலும் இதே உறை உண்டு, குடும்ப அடையாளம். புதுத் துளிர்கள் எல்லாம் நாடாவின் ஓரத்திலிருந்தே கிளம்பும், நடுவிலிருந்து கிளம்பாது. அதனால்தான் கிளை முழுவதும் ஒரே தளத்தில் விசிறியாக விரிகிறது.

நர்சரியில் இதனோடு குழம்பக்கூடியது நிஷாகந்தி. அதுவும் தட்டைத் தண்டுதான், ஆனால் தடித்த சதை, ஓரத்தில் அலை அலையான வெட்டு, கணுக்கோடு இருக்காது. அது உண்மையான கள்ளி. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் மறுபடி குழப்பம் வராது.

பூ உண்டு. கணு ஓரத்தில் கொத்தாக, பச்சை கலந்த வெள்ளையில், கடுகளவு. தேடினால்தான் தெரியும். பூவின் இதழ்களே பிறகு சதைப்பிடித்துச் சிவந்து, கருஞ்சிவப்பாகி, உள்ளே இருக்கும் முப்பட்டை விதையை மூடிக்கொள்ளும். பச்சை நாடாவின் இரு ஓரத்திலும் சிவப்பு மணிகள் வரிசையாக நிற்கும்போது, இந்தச் செடியை ஏன் அழகுச் செடி என்கிறார்கள் என்று புரியும். பழத்தைச் சுவைத்துப் பார்க்க வேண்டாம். தென் சீனத்தில் இதை அடிபட்ட வீக்கத்துக்கும் பாம்புக்கடிக்கும் நாட்டு மருந்தாகப் பயன்படுத்துவது உண்டு. அதைப் படித்துவிட்டு வீட்டில் அரைத்துப் பூசக் கிளம்புகிறவர்களுக்கு ஒரே வார்த்தை: பாம்பு கடித்தால் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

வாங்கும்போது

உயரத்தைப் பார்த்து வாங்காதீர்கள். நெட்டையாக, அடியில் நாலு பழுப்புக் குச்சியும் நுனியில் மட்டும் பச்சையுமாக நிற்கும் செடி பழைய சரக்கு. குட்டையாக இருந்தாலும் அடியிலிருந்தே அகலமான பச்சை நாடாக்கள் கிளம்பியிருப்பதை எடுங்கள். கணு உறைக்குள் வெள்ளைப் பஞ்சு மாதிரி ஏதாவது ஒளிந்திருக்கிறதா, தண்டில் எறும்பு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தச் செடி வேண்டாம். வீட்டில் இருக்கும் செம்பருத்திக்கும் சேர்த்து மாவுப்பூச்சியை வாங்கி வந்ததாக முடியும்.

மண்ணும் தொட்டியும்

10 முதல் 12 அங்குலத் தொட்டி போதும். மண் தொட்டியானால் வேர் நன்றாக மூச்சு விடும், கோடையில் சீக்கிரம் காயும். பிளாஸ்டிக் அதற்கு நேர்மாறு. மாடியில் வெயில் காயும் இடமென்றால் நான் பிளாஸ்டிக்கையே சொல்வேன். எதுவானாலும் அடியில் ஓட்டை தாராளமாக இருக்கட்டும், ஓட்டையின் மேல் ஒரு ஓட்டுச்சில்லைக் கவிழ்த்து வையுங்கள்.

கலவை எளியது. செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மண்புழு உரமோ நன்கு மக்கிய தொழு உரமோ ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு அரைப் பங்கு, மேலே ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. ஆற்று மணல் கிடைக்காத இடத்தில் எம்-சாண்ட் போடலாம், ஆனால் ஒரு தடவை கழுவிப் பொடியை வெளியேற்றிவிட்டுப் போடுங்கள். அந்தப் பொடி இறுகினால் தண்ணீர் மேலேயே நிற்கும். நார்க்கழிவும் அப்படித்தான். கட்டியாக வாங்கி ஊறவைத்ததும் முதல் தண்ணீரைப் பிழிந்து கொட்டிவிடுங்கள், உப்பு போகும்.

செடியைக் கவரிலிருந்து எடுக்கும்போது வேர்ப்பந்து உடையாமல் பார்த்துக்கொண்டு, பழைய மண்மட்டம் எதுவோ அதே மட்டத்தில் நடுங்கள். விளிம்புக்குக் கீழே இரண்டு விரல்கடை இடம் விடுங்கள். நட்டதும் அடியில் ஒழுகும்வரை தண்ணீர், பிறகு ஒரு வாரம் நிழல்.

தரையில் நடுவதானால் ஒன்றரை அடி ஆழ, அகலக் குழி போதும். தண்ணீர் தேங்காத மேட்டுப்பாங்கான இடமாக இருக்கட்டும். தரையில் நட்டால் ஆள் உயரத்துக்கு மேலும் போகும். வேலி ஓரத்தில் வரிசையாக வைத்து வெட்டி வளர்க்கலாம். தொட்டியில் மூன்று, நாலடிக்குள் அடக்கலாம்.

வெயில்

காலை வெயில் நாலு மணி நேரம், மதியத்துக்கு மேல் நிழல். கிழக்கு பார்த்த பால்கனிக்கு இதைவிடப் பொருத்தமான புதர் குறைவு. முழு வெயிலிலும் பிழைக்கும். ஆனால் அக்னி நட்சத்திர வெயிலில் நாடா பச்சை வெளுத்து மஞ்சளும் செம்மையும் தட்டிவிடும். அந்த நாட்களில் 50 சதவீத நிழல்வலைக்கு அடியில் நகர்த்துங்கள். வெளுத்த நாடா மறுபடி பழைய பச்சைக்கு வருமென்று காத்திருக்க வேண்டாம், மழை தொடங்கியதும் அதை வெட்டிவிட்டால் புதியது வரும்.

வீட்டுக்குள் வைக்கலாமா என்று கேட்பவர்கள் அதிகம். ஜன்னலை ஒட்டி, வானம் தெரியும் இடத்தில் வைக்கலாம். ஹால் மூலையில் டிவிக்குப் பக்கத்தில் வைத்தால் நாடாக்கள் மெலிந்து, நீண்டு, நிற்கத் தெம்பில்லாமல் தொங்கும். ஒன்றை மறக்காதீர்கள்: மற்ற செடிக்கு இலை செய்யும் வேலையை இங்கே தண்டுதான் செய்கிறது. தண்டுக்குள் வெளிச்சம் போகவேண்டும். அடர்ந்து போய் நடுவில் இருள் கட்டினாலும் அதே பட்டினிதான்.

தண்ணீர்

விரலை மண்ணுக்குள் முதல் கணு வரை விடுங்கள். ஈரம் தட்டினால் இன்று வேண்டாம், காய்ந்திருந்தால் அடியில் ஒழுகும்வரை ஊற்றுங்கள். கோடையில் தொட்டிச் செடிக்கு இது தினமும் வரும். மார்கழி, தையில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை.

தாகத்தைக் காட்டுவதில் இந்தச் செடி கொஞ்சம் அழுத்தக்காரி. துளசியோ செம்பருத்தியோ தலை தொங்கிச் சொல்லிவிடும். நாடாவுக்கு விறைப்பு அதிகம். தண்ணீர் இல்லாமலேயே சில நாள் நிமிர்ந்து நிற்கும். முதலில் இளம் நுனிகள் சுருளும், பிறகு நாடாவில் நெடுக்குக் கோடுகள் துருத்திக்கொண்டு பள்ளம் விழும், அதற்கப்புறம் கணுக் கணுவாகக் கழன்று விழும். கழன்று விழும் நிலைக்கு வந்தால் வேர் பாதி போய்விட்டது என்று பொருள். ஆகவே செடி சொல்லட்டும் என்று காத்திருக்காமல் மண்ணைத் தொட்டுப் பாருங்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். மழைப்பிரதேசச் செடிதான், ஆனால் அங்கே தண்ணீர் சரிவில் ஓடி வடிகிறது. தட்டில் நிற்கும் நீரில் வேர் அழுகும். அடித்தண்டு கறுத்து, பிடித்து இழுத்தால் கையோடு வரும்.

போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் நாடா நுனியும் ஓரமும் பழுப்பாகக் கருகும். மாதம் ஒருமுறை மழைநீரோ, வேறு நல்ல தண்ணீரோ கிடைக்கும்போது தொட்டி வழிய வழிய இரண்டு முறை ஊற்றி உப்பைக் கழுவுங்கள். மழை நாளில் மாடியில் திறந்து வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

உரம்

அதிகம் கேட்காது. மாதம் ஒருமுறை இரண்டு கைப்பிடி மண்புழு உரம், மேல்மண்ணைக் கிளறி. அவசரக்காரர்களுக்கு 19:19:19 நீரில் கரையும் உரம் லிட்டருக்கு 2 கிராம், ஈர மண்ணில். பஞ்சகவ்யம் வைத்திருப்பவர்கள் லிட்டருக்கு 30 மில்லி கலந்து தண்டு மேலேயே தெளிக்கலாம். தண்டின் மேலேயே இலைத்துளைகள் இருப்பதால் இலைக்குத் தெளிப்பதற்கு இணையானது. மழை கொட்டும்போதும் கத்திரி வெயிலிலும் உரம் வேண்டாம்.

இலை வந்தால், இலை போனால்

திடீரென்று ஒருநாள் புதுத் துளிரில் ஈட்டி வடிவில் சின்னச் சின்ன இலைகள் தெரியும். 'வேறு செடி முளைத்துவிட்டது' என்று பிடுங்கிப் போட வேண்டாம். வேகமாக வளரும் இளந்துளிர்கள் இலை விடுவது இதன் வழக்கம், குறிப்பாகக் கவாத்துக்குப் பிறகும் நல்ல மழைக்குப் பிறகும். சில வாரத்தில் அவை மஞ்சளாகி உதிரும், பூக்கும் நாடாக்களில் பெரும்பாலும் ஒரு இலைகூட இருக்காது. இலை உதிர்ந்தால் பதறி உரம் போடுவதும், மருந்து அடிப்பதும் தேவையில்லாத வேலை. நாடாவின் நிறமும் விறைப்பும்தான் நலத்துக்கு அடையாளம்.

கவாத்து

மற்ற எல்லாவற்றிலும் நடுத்தரமாக இருந்துவிட்டு, இதில் மட்டும் கவனமாக இருந்தாலும் செடி அழகாக இருக்கும். தண்ணீரும் உரமும் சரியாக ஊற்றிவிட்டுக் கத்தரியைத் தொடாதவர்கள் வீட்டில், சில வருடத்தில் குச்சிக் கட்டுதான் மிஞ்சும்.

காரணம் எளிது. நாடா என்றைக்கும் நாடாவாக இருக்காது. வயதாக ஆக அது உருண்டு, பட்டை கட்டி, பழுப்பு மரக்குச்சியாகிவிடும். பட்டை மூடியதும் அதன் பச்சையம் போச்சு. இலையுள்ள புதராக இருந்தால் தண்டு மரமானாலும் இலை சோறு சமைக்கும். இங்கே சமையல்காரரே தண்டுதான். உருண்ட தண்டு தாங்கும், தண்ணீர் கடத்தும், வேறு ஒன்றும் செய்யாது. அப்படிப்பட்ட தண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டால், அடியிலிருந்து புது நாடா வந்துகொண்டே இருக்கும்.

காலம்: தைக் கடைசியிலோ மாசியிலோ ஒன்று. ஆடியில் காற்று அடங்கி மழை தலைகாட்டும்போது இன்னொன்று, லேசாக. நடுக்கோடையிலும் அடைமழையிலும் கத்தரியை எடுக்காதீர்கள்.

முதலில் செடியின் அடியைக் குனிந்து பாருங்கள். இருப்பதிலேயே தடித்த, பழுத்த, மேலே பச்சை குறைந்த குச்சிகளைத் தேர்ந்தெடுத்து, மண்ணுக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, ஒரு கணுவை விட்டு அதற்குச் சற்று மேலே வெட்டுங்கள். ஒரே தடவையில் மொத்தத் தண்டுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். அடுத்த முறை அடுத்த மூன்றில் ஒன்று. இப்படிச் சுற்றில் வெட்டினால் செடி ஒருநாளும் மொட்டையாகத் தெரியாது, உள்ளே வெளிச்சமும் போகும். அதற்குப் பிறகு குறுக்கே போகும் நாடாக்கள், உரசிக்கொள்பவை, ஒடிந்தவை. கடைசியாக நீண்ட நாடாக்களின் நுனியைக் கணுவுக்கு மேலே கிள்ளிவிடுங்கள். ஓரக் கணுக்களிலிருந்து இரண்டு மூன்று துளிர் பிரிந்து விசிறி அடர்த்தியாகும்.

கத்தரிக்கோலை வெட்டும் முன் ஸ்பிரிட்டில் துடையுங்கள். மொட்டைக் கத்தரியால் வெட்டினால் நாடா நசுங்கி, கோடு கோடாகக் கிழிந்து, அங்கிருந்து காய்ந்துகொண்டே இறங்கும்.

முழுக்கக் கைவிட்ட பழைய புதரா? தரைமட்டத்துக்குச் சற்று மேலே மொத்தமாக வெட்டியும் மீட்கலாம், வேர் நன்றாக இருந்தால். ஊட்டி, கொடைக்கானலில் உறைபனி கருக்கிய செடிக்கும் இதே வைத்தியம். பனிக்காலம் முடியும்வரை பொறுத்து வெட்டினால் அடியிலிருந்து துளிர்க்கும்.

குச்சி நட்டுப் பெருக்குவது

கவாத்தில் வந்ததைக் குப்பையில் போடாதீர்கள். நுனி நாடா மிக இளசு, அழுகும். அடிக்குச்சி மிக முற்றியது, வேர்விடத் தயங்கும். இரண்டுக்கும் நடுவில், தட்டையாகவும் இருந்து கொஞ்சம் விறைப்பும் ஏறிய துண்டை 10–15 சென்டிமீட்டர் நீளத்துக்கு எடுங்கள். நாலைந்து கணுவாவது இருக்கவேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. இலை இல்லாத துண்டைக் கீழே வைத்துவிட்டுத் திரும்ப எடுத்தால் எது தலை எது கால் என்று தெரியாது. தலைகீழாக நட்டால் வேர்விடாது. ஆகவே வெட்டும்போதே அடியைச் சாய்வாகவும், தலையை நேராகவும் வெட்டிவிடுங்கள். மறந்துவிட்டீர்களா, கணுவின் காகித உறையைப் பாருங்கள்: அதன் திறந்த விளிம்பு எந்தப் பக்கமோ அதுதான் மேல்.

சாய்வு வெட்டு ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். ஒரு மணி நேரம் நிழலில் ஆறவிட்டு, விருப்பமிருந்தால் வேர்விடத் தூண்டும் பொடியில் தொட்டு, மணலும் நார்க்கழிவும் சமமாகக் கலந்த கலவையில் இரண்டு கணு புதையும்படி நடுங்கள். தண்ணீர் தெளித்து, மேலே பிளாஸ்டிக் கவரைக் கவிழ்த்து, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை கவரைத் தூக்கிக் காற்றுவிடுங்கள். மூன்று முதல் ஐந்து வாரத்தில் வேர்பிடிக்கும். ஓரத்தில் புதுத் துளிர் தெரியும்வரை பிடுங்கிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

நீண்டு தாழ்ந்த நாடாவைப் பக்கத்துத் தொட்டி மண்ணில் அழுத்தி ஒரு கல்லை வைத்துப் பதியம் போட்டாலும் வரும். விதையிலும் வரும், ஆனால் இவ்வளவு எளிதாகக் குச்சி வரும்போது விதையோடு மல்லுக்கட்டுவானேன்.

ஒரு எச்சரிக்கை. பழத்தைப் பறவைகள் கொத்தும், குச்சி விழுந்த இடத்தில் வேர்விடும். சொந்த மண்ணுக்கு வெளியே சில வெப்பநாடுகளில் இது தானாகவே பரவியிருக்கிறது. மிஞ்சிய வெட்டுகளை ஓடைக்கரையிலோ காட்டோரத்திலோ வீசாமல், வெயிலில் காயவைத்து உரக்குழியில் போடுங்கள்.

பூச்சிகள்

பெரிய தொல்லை மாவுப்பூச்சி ஒன்றுதான். கணு உறைக்குள் நுழைந்துகொண்டால் தெளிப்பு எட்டாது. ஆரம்பத்தில் பார்த்துவிட்டால் காது குடையும் பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்துக் கணுக் கணுவாகத் தொட்டு எடுங்கள். பரவிவிட்டால் லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் காதி சோப்பு, மாலையில், வாரம் ஒருமுறை என மூன்று வாரம். வெயிலில் எண்ணெய் தெளித்தால் நாடா பொரிந்துவிடும். எறும்பு ஏறும் பாதையை அடைக்காமல் மருந்து மட்டும் அடித்துப் பயனில்லை.

கோடையில் நாடா முழுக்க ஊசிப்பொட்டு மாதிரி வெளுத்து, மெல்லிய வலை தெரிந்தால் செம்பேன். குழாயை வேகமாகத் திறந்து இருபக்கமும் பீய்ச்சி அடியுங்கள், அடுத்தடுத்துச் சில நாள். பழுப்புச் செதில் ஒட்டியிருந்தால் நகத்தால் சுரண்டிவிட்டு மேலே சொன்ன வேப்பெண்ணெய்.

தொட்டி மாற்றம்

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, கவாத்தோடு சேர்த்து. வேர்ப்பந்தின் ஓரத்தை ஒரு அங்குலம் சீவி, புது மண் நிரப்பி, அதே தொட்டியிலேயே வைக்கலாம்.

எங்கே வைத்தால் எடுப்பாக இருக்கும்

வெள்ளைச் சுவருக்கு முன்னால். எடுப்பான பூவோ அகன்ற இலையோ இல்லாத செடி. கோடுகள்தான் இதன் அழகு. குரோட்டன்ஸ் கூட்டத்துக்கு நடுவில் வைத்தால் காணாமல் போய்விடும். மாலை வெயில் பின்னாலிருந்து விழும் இடம் கிடைத்தால் இன்னும் நல்லது. அந்த வெளிச்சத்தில் நாடாவின் ஒவ்வொரு கோடும் எண்ணும்படி தெரியும். காற்று பலமாக அடிக்கும் மொட்டை மாடி மூலையைத் தவிருங்கள், ஆடிக் காற்றில் நாடாக்கள் கணுவில் ஒடியும்.

கவாத்தில் வந்த நல்ல நாடாக்களைப் பூங்கொத்தில் பச்சைக்காகச் சேர்க்கலாம், தனியாகவே ஒரு உயரமான குவளையில் வைக்கலாம். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றினால் வாரக்கணக்கில் நிற்கும். சில துண்டுகள் குவளைக்குள்ளேயே வெள்ளையாக வேர்விட்டிருக்கும். அவை இரண்டு அங்குலம் நீண்டதும் நேராகத் தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். தண்ணீரில் வந்த வேர் எளிதில் முறியும் என்பதால் மண்ணை அழுத்தாமல், தண்ணீர் ஊற்றி இறக்குங்கள்.